வளவில் நிற்கும் விலங்குகளும் வளரும் பிள்ளைகளும்

ஊருக்குத் திரும்பியதும் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றி இந்தக் கைநூலின் முன்பகுதிகளில் படித்திருப்பீர்கள். காணி துப்புரவாக்குதல், கிணறு இறைத்தல், பதிவுகளைப் புதுப்பித்தல், வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தல் எனப் பட்டியல் நீளமானது. இவற்றுக்கிடையில், எந்தப் படிவமும் நிரப்பாமலே வேறு சிலரும் உங்கள் வளவுக்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள். தறப்பாள் கொட்டிலின் வாசலில் வந்து படுத்துக்கொள்ளும் நாய், வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இரண்டு ஆடுகள், பத்துக் கோழிக்குஞ்சுகள், உரிமையாளர் யாரென்று தெரியாமல் பற்றைகளுக்குள் அலையும் மாடு, எங்கிருந்தோ வரும் பூனை.

இந்தப் பகுதி அவற்றைப் பற்றியது. ஆனால் இது கால்நடை வளர்ப்புப் பாடம் அல்ல. அதை உங்கள் பிரதேசத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகம் எங்களைவிட நன்றாகச் சொல்லித் தரும். அந்த விலங்குகளை நீங்கள் நடத்தும் விதம் உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்போடும் மனநலத்தோடும் எப்படித் தொடர்புபடுகிறது என்பதே இங்கு பேசப்படும் விடயம்.

"எங்களுக்கே ஒழுங்கான வீடில்லை, நாய்க்கும் மாட்டுக்கும் இரக்கம் பார்க்கச் சொல்ல வந்துவிட்டீர்களா?" என்று கிராமக் கூட்டங்களில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பலமுறை இடம்பெயர்ந்து, இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஓடிய ஒருவருக்கு இந்தப் பேச்சு ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆயினும் விசர்நாய்க்கடி, காட்டோரப் பொறிவெடிகள், வீட்டுக்குள் நடக்கும் அடிதடி ஆகிய மூன்றிலும் பிள்ளையும் விலங்கும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. ஒன்றைக் காப்பாற்றாமல் மற்றதைக் காப்பாற்றுவது கடினம். கையில் பணமில்லாதவர்களும் செய்யக்கூடியவற்றையே கீழே எழுதியிருக்கிறோம்.

பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது

பெட்டை நாய் குட்டி போட்டால் எங்கள் ஊர்களில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கடுவன் குட்டிகளைக் கேட்டு வருபவர்கள் இருப்பார்கள். பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டுக் கட்டி, சைக்கிளில் கொண்டுபோய்ச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுவிட்டு வருவார்கள். பெரும்பாலும் இந்த வேலை வீட்டிலுள்ள பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனிடம்தான் கொடுக்கப்படுகிறது. தங்கச்சி வாசலில் நின்று பார்ப்பாள். "ஏன் அப்பா அதைக் கொண்டுபோறீங்கள்?" என்று கேட்டால், "அது பெட்டை" என்பதுதான் பதில்.

அந்தப் பதிலை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பெட்டையாகப் பிறந்தால் வேண்டாத உயிர் என்பதை, யாரும் அவளுக்கென்று சொல்லாமலே அவள் கேட்டுவிட்டாள். தன்னைவிடச் சிறியதைப் பையில் கட்டி வீசலாம் என்பதை அண்ணன் கையால் செய்து படித்துவிட்டான். நாங்கள் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளின் சமவுரிமை பற்றி எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும், வீட்டு வாசலில் நடந்த இந்தப் பாடம் அதைவிட ஆழமாகப் பதியும்.

இதற்குச் செய்யக்கூடியது உண்டு. நாய்களுக்கான கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றியும் அதற்கான நடமாடும் முகாம்கள் பற்றியும் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் பிரதேச சபையிலும் விசாரியுங்கள். முகாம் உங்கள் பக்கம் வருவதில்லை என்றால், கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஒரு கடிதம் கொடுத்துக் கேட்கலாம். தனி ஆள் கேட்பதைவிடச் சங்கம் கேட்டால் திகதி கிடைப்பது இலகு.

ஆடு கோழி வளர்ப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். உதவியாகக் கிடைத்த மறியாடு குட்டி போடுகிறது. பிள்ளை குட்டிக்குப் பெயர் வைத்து, கிளுவங்குழையும் கிளிசரியாக் குழையும் ஒடித்துக் கொடுத்து, பாடசாலை விட்டதும் அதனிடம்தான் முதலில் ஓடுகிறது. ஆறேழு மாதத்தில் கிடாயை விற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடன் இருக்கிறது. பிள்ளை பாடசாலை போயிருந்த நேரம் பார்த்து வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, "கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது" என்று பொய் சொல்லும் வீடுகள் உண்டு.

விற்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த ஆடு தரப்பட்டதே உங்கள் வருமானத்துக்காக. ஆனால் குடும்பத்தின் முடிவுகளில் தன்னைப் பாதிக்கும் விடயங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்து மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை அதைத்தான் சொல்கிறது. ஆடு வந்த நாளிலேயே, "கிடாய்க்குட்டிகளை விற்போம், மறிக்குட்டிகளை வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிடுங்கள். விற்கும் நாளை முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். பிள்ளை அழும். அழட்டும். இடப்பெயர்வில் ஒரே இரவில் எல்லாம் காணாமற்போன பிள்ளைக்கு, மீண்டும் ஒரு காலை எழும்பிப் பார்க்கும்போது கட்டில் ஆடு இல்லாமலிருப்பது, நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய அதிர்ச்சி. விற்ற காசில் ஒரு கொப்பியாவது அந்தப் பிள்ளையின் கையால் வாங்க விடுங்கள்.

இறைச்சிக்காக வீட்டில் கோழி அறுப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டுதான். சிறு பிள்ளைகளைப் பிடித்து நிறுத்திப் பார்க்க வைக்காதீர்கள், "பயம் தெளியட்டும்" என்று சொல்லிச் செய்வது பயத்தைத் தெளிய வைக்காது. உயிர் போகும் வேலையை வேடிக்கையாக்காமல் விரைவாக முடியுங்கள்.

வண்டில் மாட்டையும் கறவை மாட்டையும் பற்றியும் ஒரு வார்த்தை. பயந்த மாடு பாலை இறக்காது. இது எங்கள் ஆச்சிமார் அறிந்த விடயம், கால்நடை வைத்தியர்களும் இதையே சொல்வார்கள். கன்றை முட்ட விட்டு, தடவிக் கொடுத்து, பேசிக்கொண்டு கறப்பவருக்கும் தடியோடு வந்து கறப்பவருக்கும் ஒரே மாடு ஒரே அளவு பால் தராது. இந்தச் சின்னக் கணக்கைப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள். சவாரி மாடுகளை ஆணி பொருத்திய தடியால் குத்துவதை வீரம் என்று காட்டுவதற்கு இது எவ்வளவோ மேல். சவாரியை விரும்புபவர்கள் என்னோடு கோபித்துக்கொள்ளக் கூடும். மாட்டின் தொடையில் இரத்தம் வடிவதை முன்வரிசையில் நின்று பார்ப்பது யார் என்று அடுத்த முறை திரும்பிப் பாருங்கள்.

அடி விழும் வீடு

சிறுவர் பாதுகாப்புக்கும் விலங்குப் பாதுகாப்புக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1874 இல் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் மேரி எலன் என்ற பத்து வயதுச் சிறுமி, தன்னை வளர்த்த பெண்ணால் நாள்தோறும் அடிக்கப்பட்டு, கத்தரிக்கோலால் காயப்படுத்தப்பட்டு, வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தாள். எற்றா வீலர் என்ற தொண்டர் பல இடங்களில் உதவி கேட்டும் யாரும் தலையிட முன்வரவில்லை. கடைசியில் அவர் சென்றது ஹென்றி பேர்க் என்பவரிடம். அவர் 1866 இல் அந்த நாட்டின் முதலாவது விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை அமைத்தவர். வண்டிக் குதிரையை வதைப்பவரைத் தடுக்க அந்நகரில் ஒரு சங்கம் இருந்தது, பிள்ளையை வதைப்பவரைத் தடுக்க ஒன்றும் இருக்கவில்லை. பேர்க்கின் சட்டத்தரணி வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். வளர்ப்புத் தாய் ஓராண்டு சிறை சென்றார். அந்த வழக்கின் பின்னர்தான் சிறுவர் வதைத் தடுப்புச் சங்கம் நியூயோர்க்கில் உருவானது. மேரி எலன் வளர்ந்து, திருமணம் செய்து, 92 வயது வரை வாழ்ந்தார்.

அதே நாட்டில், நியூஜேர்சி மாநிலத்தில் 1983 இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டதாக அடையாளம் காணப்பட்ட, செல்லப்பிராணிகள் வைத்திருந்த 53 குடும்பங்களைப் பார்த்தது. பிள்ளைகள் உடல்ரீதியாகத் தாக்கப்பட்ட வீடுகளில் 88 வீதமானவற்றில் விலங்குகளும் துன்புறுத்தப்பட்டிருந்தன. 53 குடும்பம் என்பது சிறிய தொகை, அமெரிக்காவின் நிலைமையும் வேறு. எனினும் குடித்துவிட்டு வருபவர் முதலில் வாசலில் படுத்திருக்கும் நாயை உதைத்து, பிறகு சட்டி பானையை உதைத்து, பிறகு மனைவியிடமும் பிள்ளையிடமும் வரும் ஒழுங்கைப் பற்றி எங்கள் கிராமப் பெண்களிடம் கேட்டால், அவர்கள் எந்த ஆய்வும் இல்லாமல் சொல்வார்கள். நாய் கத்தும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எழும்பிப் பின்கதவால் ஓடும் வீடுகள் உண்டு.

பிள்ளைக்குப் பிடித்த விலங்கைக் காட்டி மிரட்டுவதும் இதில் அடங்கும். "சொன்னதைச் செய்யாவிட்டால் உன் நாயைக் கொன்றுவிடுவேன்", "வெளியில் சொன்னால் பூனையைக் கிணற்றில் போடுவேன்" என்று பெரியவர் ஒருவர் சொன்னால் அது பகிடி அல்ல. பாலியல் துன்புறுத்தல் செய்பவர்களும் பிள்ளையின் வாயை அடைக்க இப்படி மிரட்டுவதுண்டு. உங்கள் பிள்ளை தன் நாய்க்கோ பூனைக்கோ யாரோ ஏதோ செய்துவிடுவார்கள் என்று காரணம் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தால், அந்த "யாரோ" யார் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

1989 நவம்பர் 20 இல் ஐக்கிய நாடுகள் சபை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. இலங்கை 1991 யூலை 12 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. எல்லா வகையான உடல், உள வன்முறையிலிருந்தும் பிள்ளை பாதுகாக்கப்பட வேண்டும் என்று அதன் 19 ஆம் உறுப்புரை சொல்கிறது. விலங்குகளைப் பற்றி அந்தச் சமவாயம் நேரடியாகப் பேசவில்லை. ஆனால் அதைக் கண்காணிக்கும் சிறுவர் உரிமைகள் குழு 2023 இல் வெளியிட்ட 26 ஆம் இலக்கப் பொதுக் கருத்துரையில், வீட்டு வன்முறையைப் போலவே விலங்குகள் மீதான வன்முறையைக் காண நேர்வதிலிருந்தும் பிள்ளைகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கருத்துரையைத் தயாரிக்க 121 நாடுகளின் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டார்கள். தாங்கள் எதைக் கண்டு பயப்படுகிறோம் என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியும்.

பிள்ளையே விலங்கைத் துன்புறுத்தினால்

தும்பியைப் பிடித்து வாலில் நூல் கட்டுவது, ஓணானுக்குக் கல்லெறிவது, கெற்றப்போலால் புலுனிக்குக் குறிபார்ப்பது எல்லாம் எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பவை. மூன்று நான்கு வயதுப் பிள்ளை பூனையின் வாலைப் பிடித்து இழுத்தால், அதற்கு நோகும் என்பது பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை என்பதே காரணம். கையைப் பிடித்து, "இப்படி மெதுவாகத் தடவு" என்று காட்டிக் கொடுத்தால் போதும். பாடசாலைப் பிள்ளைக்கு, "உன் காலில் நூல் கட்டி இழுத்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியது வேறு வகை. சொல்லியும் திரும்பத் திரும்பச் செய்வது, மறைவில் செய்வது, விலங்கு கத்தும்போது ரசிப்பது, தனக்கு விருப்பமான விலங்கையே திடீரென வதைப்பது. இதோடு படுக்கையில் சிறுநீர் கழித்தல், நித்திரையில் அலறுதல், பாடசாலைக்குப் போக மறுத்தல் போன்றவையும் சேர்ந்திருந்தால், அந்தப் பிள்ளை உங்களிடம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். யாரோ அந்தப் பிள்ளையை அடிக்கலாம், வகுப்பில் பெரிய பையன்கள் தொந்தரவு கொடுக்கலாம், அல்லது கண்ணால் கண்ட ஒன்றைத் தன் கையால் திரும்பச் செய்து பார்க்கலாம். யுத்தத்துக்குள் பிறந்து வளர்ந்த பெற்றோர், தாங்கள் கண்டவற்றைப் பிள்ளைகளிடம் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் கோபமும் மௌனமும் பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பதில்லை.

இப்படியான பிள்ளையை "கொடூரன்" என்று பட்டம் சூட்டாதீர்கள். நாயை அடித்ததற்காகப் பிள்ளையை அடித்தால், பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்ற பாடத்தையே இரண்டாம் முறை படிப்பிக்கிறீர்கள். விலங்கைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிட்டு, கோபம் தணிந்த பின் தனியாக இருத்திப் பேசுங்கள். வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் கடமையாற்றுகிறார்கள், அவர்களிடம் போவது "விசர்" என்று பெயர் எடுக்கும் காரியம் அல்ல.

விட்டுவிட்டு வந்தவை

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து போனவர்களுக்கும், 2008, 2009 இல் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்தவர்களுக்கும், கடல் கடந்து தமிழகத்து முகாம்களில் இருந்து திரும்பியவர்களுக்கும் பொதுவான ஒரு கதை உண்டு. கட்டை அவிழ்த்துவிட்டு வந்த மாடு. உழவு இயந்திரத்தின் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடி வந்து நின்றுவிட்ட நாய். மனிதரையே இழந்த ஒரு சனத்திடம் அதைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கும், அதனால் யாரும் பேசுவதில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றிச் சொல்லச் சொன்னால், எத்தனையோ பேர் முதலில் சொல்வது அந்த நாயைப் பற்றித்தான்.

சிறு வயதில் அப்படி விட்டு வந்த பிள்ளை இன்று ஒரு தாயாகவோ தந்தையாகவோ இருக்கலாம். "இனி நாய் வளர்க்க மாட்டேன்" என்ற பிடிவாதத்துக்குப் பின்னால் அந்த நாள் இருக்கலாம். உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லலாம், நாயின் பெயரோடு சொல்லலாம். சமவாயத்தின் 39 ஆம் உறுப்புரை, ஆயுத மோதல்களால் பாதிக்கப்பட்ட பிள்ளை உடலாலும் மனதாலும் மீண்டெழ வழிசெய்ய வேண்டும் என்று அரசுகளைக் கேட்கிறது. அதற்கு உத்தியோகத்தர்களும் திட்டங்களும் தேவைதான். அதேநேரம், காலையில் எழும்பிக் கோழிக்கூட்டைத் திறந்துவிடுவது, ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பது, முட்டையை எண்ணிக் கொண்டுவந்து கொடுப்பது போன்ற சிறு பொறுப்புகள் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஒரு ஒழுங்கைத் தருகின்றன. புதிய ஊரில் யாரோடும் பேசாத பிள்ளை ஆட்டுக்குட்டியோடு பேசும். அதைக் கேலி செய்யாமல் விடுங்கள். விலங்கு என்றாலே ஒதுங்கும் பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டாம்.

பொறுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். பாடசாலைக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் ஆடு மாடு பார்ப்பது வேறு, பட்டி மேய்ப்பதற்காகப் பாடசாலையை நிறுத்துவது வேறு.

உயிர் சம்பந்தப்பட்ட மூன்று விடயங்கள்

முதலாவது விசர்நாய்க்கடி. அறிகுறிகள் தோன்றிய பின் இந்த நோயிலிருந்து ஒருவரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. கடித்த உடனேயே சரியாகச் செயற்பட்டால் முழுமையாகத் தடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விசர் பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளால் கடிபடுவோரில் 40 வீதமானோர் 15 வயதுக்குட்பட்டவர்கள். பிள்ளைகள் உயரம் குறைந்தவர்கள் என்பதால் கடி முகத்திலும் தலையிலும் விழலாம், அது இன்னும் ஆபத்து.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நாயோடு விளையாடியதற்கு அடி விழும் என்று பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறிய கீறல், காய்ந்துவிடும் என்று சட்டையை இழுத்து மூடிக்கொள்வார்கள். சில கிழமைகளுக்குப் பின் காய்ச்சலும் தண்ணீரைக் கண்டால் பயமும் வரும்போது காலம் கடந்துவிடும். ஆகவே இன்றிரவே உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: "நாயோ பூனையோ கடித்தால், கீறினால், புண்ணில் நக்கினால் உடனே சொல். பேசமாட்டோம், அடிக்கமாட்டோம்." சொன்னபடி நடந்தும் கொள்ளுங்கள்.

கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாவிட்டால் வாளியில் அள்ளி ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவலாம். சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், தடுப்பூசி அங்கு இலவசம். நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கட்டி வைக்கவோ அடைத்து வைக்கவோ கூடிய நாய் என்றால் இரண்டு வாரம் அதைக் கவனித்து, நோயுற்றாலோ இறந்தாலோ வைத்தியசாலைக்குத் தெரிவியுங்கள். அந்தத் தகவல் பிள்ளையின் சிகிச்சைக்குத் தேவை. தெருநாய்களைக் கொன்று இந்த நோயை எந்த நாடும் ஒழிக்கவில்லை. ஒரு பகுதியின் நாய்களில் 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உணவு உண்ணும் நாயையும் குட்டியோடு கிடக்கும் நாயையும் தொந்தரவு செய்யக் கூடாது, அறியாத நாய் கிட்ட வந்தால் ஓடாமல் மரம் போல நிற்க வேண்டும் என்பவற்றை முன்பள்ளிப் பிள்ளையும் விளையாட்டாகப் பழகிக்கொள்ளும்.

இரண்டாவது, காட்டோரக் கிராமங்களில் பன்றிக்கும் மரைக்கும் வைக்கப்படும் பொறிகள். பன்றி வெடியை உணவுக்குள் அல்லது பழத்துக்குள் பொதித்து வைப்பார்கள். விலங்கு கடித்ததும் வாய் சிதறும். அது உடனே சாவதில்லை, நாட்கணக்கில் தின்னவும் குடிக்கவும் முடியாமல் கிடந்து சாகும். யானைக்குட்டிகள் பல இப்படி இறந்திருக்கின்றன. விளாம்பழம் பொறுக்கப் போகும் பிள்ளைக்கும் பன்றிக்கும் அந்த வெடிக்கு வித்தியாசம் தெரியாது. கட்டுத்துவக்கும் அப்படித்தான், இழுகயிற்றில் முட்டுவது யாருடைய கால் என்று அது பார்ப்பதில்லை. பயிரைக் காக்க மின்கம்பத்திலிருந்து நேரே கம்பி இழுத்து வேலி கட்டுவதும் மனித உயிர்களைக் குடித்திருக்கிறது. பயிர் அழிவதன் வேதனை எங்களுக்கு விளங்குகிறது. ஆனாலும் இவை மூன்றும் சட்டவிரோதமானவை, உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால் முதலில் ஆபத்தில் இருப்பவர்கள் பிள்ளைகள்.

மூன்றாவது மிதிவெடி. துப்புரவு செய்யப்படாத நிலத்துக்குள் பிள்ளை தானாகப் போவது குறைவு. கன்றைத் தேடி, ஆட்டை மறித்துக்கொண்டு போகும்போதுதான் மண்டையோட்டுக் குறியைத் தாண்டிவிடுகிறது. ஆகவே மாட்டைத் தேடிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். மாடு போகட்டும், பிள்ளை போகக் கூடாது. மாட்டுக்கு மணி கட்டுங்கள். பொழுதுபடும் நேரத்தில் நாள்தோறும் ஒரே இடத்தில் நின்று கூப்பிட்டுக் கொஞ்சம் தவிடோ புண்ணாக்கோ கொடுத்துப் பழக்குங்கள். அடித்து வளர்த்த மாடு ஆளைக் கண்டால் விலகி ஓடும், அதன் பின்னால் யாராவது ஓட வேண்டியிருக்கும். கூப்பிட்ட குரலுக்கு வரும் மாட்டைத் தேடி யாரும் பற்றைக்குள் போகத் தேவையில்லை. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்கவும், ஆபத்தான நிலத்துக்குள் தவறிப் போய்விட்டால் நின்ற இடத்திலேயே அசையாமல் நின்று உதவி கேட்டுச் சத்தமிடவும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

யாரிடம் போவது

விலங்கு வதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இலங்கையில் 1907 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 100 ரூபாய்த் தண்டம் இன்று ஒருவரையும் பயமுறுத்தாது என்பது உண்மைதான், புதிய சட்டம் பற்றிய பேச்சும் நீண்ட காலமாக நடக்கிறது. இருந்தாலும் விலங்கைக் கொடூரமாக வதைப்பது குற்றம், பொலிசில் முறையிடலாம். உரிமையாளர் தெரியாத மாடு உங்கள் காணிக்குள் வந்தால் வெட்டியோ சுட்டோ விரட்டாமல், குறிசுட்ட அடையாளத்தையோ காதுத் தகட்டின் இலக்கத்தையோ குறித்துக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். பல குடும்பங்கள் தங்கள் மாடுகளை அப்படித்தான் திரும்பக் கண்டுபிடித்தன.

பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வீட்டு வன்முறையால் பாதிக்கப்படும் பெண்களுக்கான இலக்கம் 1938. கடிபட்ட பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

நாய்க்கான தடுப்பூசி ஆண்டுக்கு ஒரு முறை போடப்பட வேண்டும். உங்கள் பகுதிக்கு ஊசி போட வரும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வையுங்கள். அன்று கொடுக்கும் அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் அட்டைகள் இருக்கும் அதே பையில் வையுங்கள். கடி நேர்ந்தால் வைத்தியசாலையில் அதைக் கேட்பார்கள்.